ஆட்டுக்காரர் கிணற்றுக்குத் தெற்கு

எய்யா,

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீ போன் பண்ணியபோது என் முன்னால் இரண்டு பார்ட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு விற்பனைப் பத்திரத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "நீ சொன்ன மாதிரியே எழுதிட்டேம்மா. கிணறு நம்ம தாத்தாவோட தாத்தா வெட்டினதுன்னு போட்டாச்சு. இன்னும் பத்து நாள்ல ப்ராஜெக்டைக் குடுத்துருதேன். எம்.ஏ.வும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உங்கூட வந்து பத்திரம் எழுதுதேன்" என்றாய். வேலை மும்முரத்தில் நானும் "சரிய்யா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பத்திரத்தை முழுக்க வாசித்து, அவர்கள் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிய பிறகுதான் நீ சொன்னது என் காதில் சரியாக ஏறியது. பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டான், படிப்பு முடிந்து பக்கத்திலேயே வந்து உட்காரப் போகிறான் என்று எந்த அம்மாவுக்கும் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் பேசினால் "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். மூன்று வருடமாகச் செத்துப்போனவர்களின் கடிதங்களையெல்லாம் தேடித் தேடிப் படிக்கிறவன், உயிரோடிருக்கிற அம்மா எழுதியதை மட்டும் படிக்காமல் போட்டால் நியாயமில்லை.

நீ வரலாறு படிக்கப் போனது நம் இரண்டு பேர் ஆசைப்படியும் நடந்ததல்ல. பி.காம். கேட்டோம். நம் முறை வருவதற்குள் இடம் முடிந்துவிட்டது. கவுன்சிலிங் அறையில் இருந்தவர், "ஹிஸ்டரி இருக்கு, எடுத்துக்கிடுதியளா" என்று கடை அடைக்கிற நேரத்தில் மிச்சமான காயைத் தள்ளிவிடுகிறவர் போலக் கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய், நான் சுவரைப் பார்த்தேன். அன்று வீட்டுக்கு வந்து நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் நீ பி.காம். சேர்ந்திருப்பதாகச் சொன்னேன். முழுசாக ஒரு வருடம் அந்தப் பொய் ஓடியது. பக்கத்து வீட்டு அக்கா அக்கவுண்டன்சி புத்தகத்தோடு தன் மகளைக் கூட்டிவந்து, "தம்பி, இவளுக்கு இதக் கொஞ்சம் சொல்லிக்குடு" என்று நின்றபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ அலட்டிக்கொள்ளாமல், "எனக்குச் சோழர் காலம் வரைக்கும்தாங்க்கா தெரியும்" என்றாய். அந்த அக்கா போன பிறகு, "நான் எப்பம்மா பி.காம். சேர்ந்தேன்?" என்று கேட்டாய். நீ சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். ஆனால் உன் படிப்பைச் சொல்ல அம்மாவுக்கு வாய் கூசுகிறது என்பது அன்றைக்கு உனக்குத் தெரிந்துபோயிற்று. அதற்காக உன்னிடம் நான் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

வரலாறு என்றால் கதை மாதிரிப் படித்துவிட்டு எழுதினால் போதும், உடம்பு நோகாத படிப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். "ராசா ராணி கதை படிக்க எதுக்குல காலேஜு" என்று உன் மாமா கேட்டபோது நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். முதல் வருடம் சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்தாயே, அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. பாடம் நடத்துவது தமிழில், நல்ல புத்தகங்கள் இருப்பது இங்கிலீஷில். நூலகத்தில் ஒரு புத்தகம் ஒரே ஒரு பிரதி, வகுப்பில் நாற்பது பேர், வீட்டுக்கு எடுத்துப் போகவும் விடமாட்டார்கள். நீ அங்கேயே உட்கார்ந்து கையால் எழுதி எடுத்துக்கொண்டு வருவாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நோட்டை விரித்து வைத்து ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் அகராதியோடு மல்லுக்கட்டுவாய். ஒருமுறை ஒரு வாக்கியத்தை என்னிடம் நீட்டி, "இதுக்கு எழுவாய் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாய். ஆறு வரி நீளத்தில் ஒரே வாக்கியம். பத்திரங்களில் அப்படி நானே நிறைய எழுதியிருப்பதால் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். உன் படிப்பில் நான் உனக்கு ஒத்தாசையாக இருந்தது அந்த ஒரு நாள்தான்.

முதல் பரீட்சைத் தாளை நீ கொண்டுவந்து காட்டியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் கைடை மனப்பாடம் பண்ணி, கூடுதல் தாள் வாங்கி வாங்கிப் பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தாய். கை வீங்கிவிட்டது என்றாய். மார்க் பாதிக்கும் கீழே. ஓரத்தில் உங்கள் மேடம் சிவப்பு மையில் நாலு இடத்தில் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்: இது உனக்கு எப்படித் தெரியும்? நீ கொதித்துப்போய் இருந்தாய். "புத்தகத்துல இருக்கு, படிச்சேன், எழுதினேன். இதுக்கு மேல என்ன வேணுமாம் அவங்களுக்கு?" என்றாய். நானும் என் பங்குக்கு, "எழுதுனவுகளுக்குத் தெரியும்னு எழுதிக் குடுத்துட்டு வா" என்றேன். பத்திரம் எழுதுகிறவள் நான், பழைய பத்திரத்தில் இருப்பதைப் புதிய பத்திரத்தில் எழுதுவதுதான் என் பிழைப்பு. ஒரு நிலத்தை விற்றால் அதன் முந்தைய பத்திரத்தை எடுத்து வைத்து, வடக்கே என்ன, தெற்கே என்ன என்ற நான்கு எல்லையையும் ஓர் எழுத்து மாறாமல் இறக்குவேன். அங்கே சொல்லியிருக்கிற புளியமரம் விழுந்து போயிருக்கும், பக்கத்து நிலத்துக்காரர் செத்துப் போயிருப்பார். பத்திரத்தில் மரமும் நிற்கும், ஆளும் இருப்பார். நான் எழுதிய பத்திரம் ஒன்றுகூடப் பிழை என்று திரும்பி வந்ததில்லை என்று எனக்கு ஒரு பெருமை. இது உனக்கு எப்படித் தெரியும் என்று என்னை யாரும் கேட்டதில்லை.

இரண்டாம் வருடத்தில் இருந்து நீ மாறினாய். ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன் கேள்விகளும் கூடவே வந்தன. சாம்பாரில் ஏன் புளி, யார் சொல்லிக் கொடுத்தார்கள், எப்போதிலிருந்து என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே விசாரணை வைத்தாய். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மூன்றாம் வருட ப்ராஜெக்டுக்கு அப்பாவின் ஊரை எடுத்துக்கொண்டேன், குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் காட்டில் தண்ணீர் எப்படி வந்தது என்று எழுதப் போகிறேன் என்று நீ சொன்னபோதுதான் எனக்குச் சந்தோஷம் வந்தது. அங்கே பெரியவர்களிடம் போய் நீ பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தாய். எந்த வருடம் என்று கேட்டால் ஒருவர், "எம் மூத்தவ வயித்துல இருக்கும்போது" என்பார். இன்னொருவர், "பெருமழைக்கு முந்தி" என்பார். எந்தப் பெருமழை என்று கேட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். நீ ஒரு தாளில் எல்லோர் வீட்டுப் பிள்ளைகளின் வயதையும் எழுதி வைத்துக்கொண்டு வருடத்தைக் கண்டுபிடித்தாய். அந்தத் தாளைப் பார்த்தபோது என் மகன் கெட்டிக்காரன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை. நான் உன்னிடம் சொல்லாமல் விட்டதெல்லாம் இப்படித்தான் இருக்கிறது.

பிறகு போன மாதம் வந்தாய். "அம்மா, நம்ம வீட்டுப் பழைய பத்திரமெல்லாம் எடு, ஒரு தடவ பாக்கணும்" என்றாய். நானேதான் பீரோவைத் திறந்து கொடுத்தேன். இரண்டு பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். தாத்தாவின் அப்பா காலத்துப் பத்திரத்தில் நம் மேட்டுக்காட்டுக்கு எல்லை எழுதியிருக்கிறது: ஆட்டுக்காரர் கிணற்றுக்குத் தெற்கு. தாத்தா உன் அப்பாவுக்கு எழுதிக்கொடுத்த பத்திரத்தில் அதே இடத்தில் இருக்கிறது: நமக்குப் பாத்தியமான கிணற்றுக்குத் தெற்கு. "ஆட்டுக்காரர் கிணறு எப்படிம்மா நம்ம கிணறா மாறுச்சு?" என்று கேட்டாய். தாத்தா எழுதிக்கொடுத்த பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாய். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரும் கையெழுத்தும் உரிம எண்ணும் இருந்தன. நீ பக்கத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் உடனே, "உனக்குப் படிப்புக்கு வேற விஷயமே கெடைக்கலையா? வீட்டு மானத்தத்தான் காலேஜுல போய் விக்கணுமா? எல்லாரும் சொல்லுத மாதிரி நம்ம பாட்டன் வெட்டுனதுன்னு எழுதிட்டுப் போ" என்று கத்தினேன். குரல் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு பயம் எனக்குள் இருந்தது. மறுநாள் காலையில் நீ சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாய்.

நடந்ததைச் சொல்கிறேன். அப்போது எனக்குப் பத்திரம் எழுதும் உரிமம் கிடைத்து ஆறு மாதம். நீ கைப்பிள்ளை. நான் வாசுதேவநல்லூர்க்காரி. குளத்துப் பாசனத்தில், வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவள். கிணற்றில் யாருக்கு என்ன உரிமை என்பது அப்பாவின் ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியாது. தாத்தா பத்திரம் எழுதச் சொன்னார். நான் வழக்கம்போலப் பழைய பத்திரத்தைப் பார்த்து எல்லையை இறக்கிக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்ததும், "அத மாத்தி எழுதும்மா. அந்தக் கெணறு எங்க பாட்டன் வெட்டுனது. பழைய பத்திரத்துல எவனோ தப்பா எழுதிட்டான்" என்றார். மாமனார் முதன்முதலாக என் வேலையை மதித்து என்னிடம் பத்திரம் கேட்கிறார் என்ற பூரிப்பு எனக்கு. ஓர் எழுத்தைக்கூட மாற்றாதவள், அன்றைக்கு யாரிடமும் விசாரிக்காமல் ஒரு கிணற்றையே மாற்றி எழுதினேன். தாத்தா பொய் சொன்னார் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். அவர் அதை நம்பித்தான் சொன்னார். கோயில் கொடை விழாவில் நம் வீட்டுக்கு முதல் மரியாதை வருவதே அந்தக் கிணற்றை வெட்டியவர்கள் என்பதற்காகத்தானே. ஆனால் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்பது என் தொழில், நான் கேட்கவில்லை.

பத்திரம் பதிவான கோடையில் தாத்தா கிணற்றைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுக் கதவுக்குப் பூட்டும் போட்டார். அதற்கு முன்பு அந்தக் கிணற்றடித் தொட்டியில்தான் ஆட்டுக்காரர் வீட்டு மாடசாமி அண்ணாச்சியின் ஆடுகள் தண்ணீர் குடிக்கும். அதன் பிறகு அண்ணாச்சி வீட்டார் ஊரைச் சுற்றிக் குளத்துக்குப் போனார்கள். குளம் வற்றினால் அடுத்த ஊருக்கு ஓட்டிப் போனார்கள். அண்ணாச்சி சண்டைக்கு வரவில்லை, பஞ்சாயத்துக்கும் போகவில்லை. என்னை எங்கே பார்த்தாலும், "தாயி, சொகமா இருக்கியளா" என்று கேட்பார். அதனாலேயே எனக்கு அந்த விஷயம் பெரிதாகப் படவில்லை. யாரும் கேட்காவிட்டால் தப்பு நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு வசதியாக இருக்கிறது பார்.

உன் போன் வந்த அன்றே அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு வந்த கோபத்தை நான் எதிர்பார்த்துத்தான் இருந்தேன். "எங்கப்பா சொன்னத நீ பொய்ங்கியா?" என்று ஒரே கேள்வி. இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. மூன்றாம் நாள் காலையில், "நான் மாடசாமி அண்ணாச்சியப் பாக்கப் போறேன், பஸ்ஸுல போய்க்கிடுதேன்" என்றேன். அவர் பைக்கை எடுத்தார். ஊர் போய்ச் சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணாச்சி வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். உள்ளே வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை.

அண்ணாச்சி ஆட்டுக்கிடையில் குட்டிகளைப் பிரித்து அடைத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு பத்திரங்களின் நகலையும் காட்டி, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "ஒங்க கெணத்த நான்தான் அண்ணாச்சி மாத்தி எழுதிட்டேன். எம் மவன் காலேஜுல இத எழுதப் போறான். ஒங்க பாட்டன் வெட்டுன கெணறுன்னு இனிமே எல்லாருக்கும் தெரியணும்" என்றேன். அவர் முகம் மலரும், கண் கலங்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். ஒளிப்பானேன், எனக்கு ஒரு மன்னிப்பும் கிடைக்கும் என்று நினைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "எழுதட்டும் தாயி, நல்லதுதான். ஆனா எங்க பாட்டன் வெட்டுனான்னு எழுதிராதிய" என்றார். எனக்கு விளங்கவில்லை. "எங்க பாட்டனே சொல்லுவாரு, நாங்க இங்கன வந்து கெடை போடும்போதே கெணறு தூந்து கெடந்துச்சுன்னு. மண்ண அள்ளித் தூர் எடுத்தது நாங்க. அதுக்கு முந்தி வெட்டுனது எவம்னு அவருக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதத எழுதிட்டு, நாளைக்கி வேற ஒருத்தன் வந்து நம்மள மாதிரியே நிக்கணுமா?" என்றார்.

எனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது. இத்தனை வருடத்தில், தனக்குச் சாதகமாக எழுதப்படும் ஒரு வரியை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த மனுசனை என் மேசைக்கு முன்னால் நான் பார்த்ததில்லை. உங்கள் மேடம் சிவப்பு மையில் கேட்டது என்ன என்பது எனக்கு அந்த ஆட்டுக்கிடையில்தான் விளங்கியது. மூன்று வருடமாக நீ படித்துக்கொண்டிருந்தது இதைத்தான். அதைத்தான் நான் ஒரே நாளில் கத்திக் கெடுக்கப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பாதி வழியில் அப்பா வாய் திறந்தார். "ஆடு தண்ணி குடிச்சா கெணறு வத்தியா போயிரும்" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனா பேர மாத்துததுக்கு எங்கிட்ட கையெழுத்துக் கேக்காத" என்றார். அன்று சாயங்காலமே ஊரில் இருக்கிற தம்பி முறைக்காரருக்குப் போன் போட்டு வேலிக்கதவின் பூட்டை எடுக்கச் சொல்லிவிட்டார். அவர் இன்றைக்கு வந்திருக்கிற தூரம் அவ்வளவுதான். மிச்சத் தூரத்துக்கு அவரை நான் கூட்டிவருவேன், என்னால் முடியும். கொடையில் முதல் மரியாதை போனால் போகட்டும், அதற்கு அவர் படப்போகிற வருத்தத்தைப் பக்கத்தில் இருந்து நான் பார்த்துக்கொள்கிறேன். பத்திரத்தைச் சட்டப்படி எப்படித் திருத்துவது, என் உரிமத்துக்கு என்ன வரும் என்பதெல்லாம் என் வேலை. அதில் நீ தலையிட வேண்டாம். இதற்காக இரக்கப்பட்டு ஒரு வரியைக்கூட மென்மையாக்கி எழுதாதே.

உன் வேலையைச் சொல்கிறேன். இதைப் படித்த கையோடு மேடத்தைப் போய்ப் பார். "நான் எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது, திருத்த ஒரு வாரம் வேண்டும்" என்று கேள். கேள்விகளை எழுதிக் கேட்டவருக்கு இது புரியும். கொடுக்கவில்லை என்றால் இரண்டு மார்க் போகட்டும், வானம் இடிந்துவிடாது. சனிக்கிழமை ஊருக்கு வா. அண்ணாச்சிக்கு இடது காது கேட்காது, வலப்பக்கமாக உட்கார்ந்து நிதானமாகக் கேள். கிணற்றை வெட்டியவர் யார் என்ற இடத்தில் தெரியவில்லை என்று எழுது. அப்படி எழுதினால் படிக்காதவன் என்று நினைப்பார்களோ என்று உனக்கு உறுத்தும். உறுத்தட்டும். எம்.ஏ. விண்ணப்பத்தைப் போடு. என் மேசைக்குப் பக்கத்தில் உனக்கு நாற்காலி கிடையாது. கோபத்தில் சொல்லவில்லை. அங்கே உட்கார வேண்டியவன் நீ இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்துதான் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். எல்லையை நான் எப்படி மாற்றி எழுதினேன், யார் சொல்லி எழுதினேன், யாரையெல்லாம் கேட்காமல் எழுதினேன் என்று அதில் இருக்கிறது. கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். யாரும் சொல்லாமல், எந்தப் பழைய பத்திரத்தையும் பார்க்காமல், நானாக எழுதிய முதல் ஆவணம் அதுதான். அதை உன் ப்ராஜெக்டின் பின்னால் சேர்த்துக்கொள். நான் சொன்னதை எடுத்தாளுகிற இடத்தில் 'ஓர் ஆவண எழுத்தர்' என்று போட்டு என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. அம்மா என்றும் போடாதே. என் முழுப் பெயரைப் போடு.